பத்து வருஷ அனுபவத்தோட ராணுவத்துல சேர்றவருக்கு நேரா மேல் ரேங்க் குடுக்கறது சரியா?

கேள்வி – கேபிள்காரன்33

எல்லாருக்கும் வணக்கம். சர்வீஸ்ல இருந்தவங்க நெறைய பேர் இங்க படிக்கறீங்கன்னு தெரியும் அதனாலதான் இங்க கேக்கறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

எனக்கு 33 வயசு, 11 வருஷமா நெட்வொர்க் செக்யூரிட்டி வேலை. நடுராத்திரி ஒரு கம்பெனி சர்வருக்குள்ள எவனாவது பூந்துட்டான்னா எந்த வழியா வந்தான், இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கானா, எதை மொதல்ல அடைக்கணும், எதை அடைச்சா அவன் உஷாராயிடுவான்னு பாத்து முடிவு பண்றதுதான் என் வேலை. இதை நாட்டுக்காக செய்யணும்னு ரொம்ப வருஷமா ஆசை. முழுநேர ராணுவத்துக்கு வயசு தாண்டியாச்சு, டெரிட்டோரியல் ஆர்மில (வேற வேலை பாத்துக்கிட்டே பகுதிநேரமா சேர்ற படை) 42 வயசு வரைக்கும் வாய்ப்பு இருக்கு ஆனா அங்கயும் ஆபீசரா தேர்வானா லெப்டினன்ட்லதான் ஆரம்பம்.

எம்பிபிஎஸ் முடிச்சவர் ஆர்மி மெடிக்கல் கார்ப்ஸ்ல சேர்ந்தா எடுத்த எடுப்புல கேப்டன். கால்நடை டாக்டரும் அப்படித்தான், கேப்டன். கேட்டரிங் டிப்ளமா படிச்சவங்களுக்கு நேரடி நாயப் சுபேதார் (ஹவில்தாருக்கு மேல, ஆபீசருக்குக் கீழ) எண்ட்ரி இருக்கு, பண்டிட், மௌல்வி, பாதிரியார் எல்லாம் நாயப் சுபேதாரா எடுக்கறாங்க, பி.எட். படிச்சவங்களை எஜுகேஷன் ஹவில்தாரா எடுக்கறாங்க. நீரஜ் சோப்ரா 2016ல சேர்ந்தப்பவே நாயப் சுபேதார். அப்ப வெளில கத்துக்கிட்ட திறமைக்கு ரேங்க் குடுக்கறது புதுசு ஒண்ணும் இல்ல. என் மாதிரி ஆளுங்களுக்கு மட்டும் ஏன் 22 வயசு பையனோட ஒரே வரிசை? 2025 ஜூன்ல அமெரிக்காவுல மெட்டா, ஓப்பன் ஏஐ, பாலன்டிர் மாதிரி டெக் கம்பெனிங்க பக்கம் இருந்து 4 பேரைக் கூப்பிட்டு நேரா லெப்டினன்ட் கர்னல் ஆக்கிட்டாங்க, டிடாச்மென்ட் 201னு பேரு.

எங்க சித்தப்பா 24 வருஷம் சர்வீஸ் போட்டு சுபேதாரா ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட இதைச் சொன்னேன். "கேப்டனாக்கிட்டா நீ யாருக்கு ஆர்டர் போடுவ, அவனுங்க எதுக்கு நீ சொல்றதைக் கேப்பானுங்க"ன்னு ரெண்டே கேள்வி கேட்டாரு, எனக்குப் பதில் வரல. அன்னைலேருந்து தூக்கம் இல்ல. உங்க அனுபவத்துல என்ன நெனைக்கிறீங்கன்னு மனசு விட்டு சொல்லுங்க, திட்டினாலும் பரவால்ல.

பதில் 1 – பழைய_சிக்னல்காரர்

தம்பி, நான் சிக்னல்ஸ்ல (ராணுவத்தோட தகவல் தொடர்புப் பிரிவு) 22 வருஷம், ஹவில்தாரா வெளில வந்தேன். உங்க சித்தப்பா கேட்டது சரியான கேள்வி. ஆனா அதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு, என் கண்ணால பாத்ததைச் சொல்றேன், எந்த யூனிட்டுனு கேக்காதீங்க.

ஒரு மலை மேல போஸ்ட், கீழேருந்து ஃபைபர் லைன் வருது. ஒரு நாள் காலைல 6 மணிக்கு லைன் போச்சு. ஓடிடிஆர் மெஷினை மாட்டிப் பாத்தாங்க. அது லைட்டை ஃபைபர்ல விட்டு எங்கேருந்து திரும்பி வருதுன்னு கணக்குப் போட்டு எத்தனை மீட்டர்ல கோளாறுன்னு சொல்லும். ஸ்கிரீன்ல ஆரம்பத்துல ஒரே ஒரு பெரிய மேடு, அதுக்கப்புறம் ஒண்ணும் புரியல. மேஜர் சாரும் சுபேதார் சாபும் பேசி போன வாரம் மண்ணு சரிஞ்ச இடத்துலதான் கேபிள் அறுந்திருக்கும்னு முடிவு பண்ணி 12 பேரை மண்வெட்டியோட எறக்கிட்டாங்க. பனி வேற.

அந்த 12 பேர்ல ஒரு பையன், சிப்பாய், சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது. அவன் வர்றதுக்கு முன்னாடி வெளில 4 வருஷம் ஃபைபர் ஜாயின்ட் அடிக்கற வேலைதான் செஞ்சிருக்கான். மெஷினுக்குப் பக்கத்துலயே, மொத சில மீட்டர்குள்ள கோளாறு இருந்தா அது மெஷினுக்குத் தெரியாது, டெட் ஸோன்னு சொல்லுவாங்க, நடுவுல ஒரு நீளமான லாஞ்ச் கேபிள் போட்டுட்டுப் பாத்தாத்தான் தெரியும்னு அவனுக்குத் தெரியும். காலைலயே லான்ஸ் நாயக்கிட்ட சொல்லியிருக்கான், அவரு பேசாம தோண்டுடான்னு சொல்லிட்டாரு. சாயங்காலம் 4 மணிக்கு என்கிட்ட வந்து மெதுவா சொன்னான், ஹவில்தார் சாப் ஒரே ஒரு தடவை ரூம்ல இருக்கற பேனலைக் கழட்டிப் பாக்கலாமான்னு. நான் போயி சுபேதார் சாப்கிட்ட கெஞ்சினேன். லாஞ்ச் கேபிள் மாட்டிப் பாத்தா கோளாறு அந்த ரூம்லயே, செவுத்துல இருக்கற பேட்ச் பேனல்ல. கனெக்டர் முனைல அழுக்கும் விரிசலும். அந்தப் பையன் முனையை வெட்டினான், ஸ்பிரிட் போட்டுத் தொடச்சான், மூச்சுக்காத்து படக்கூடாதுன்னு மூஞ்சைத் திருப்பிக்கிட்டு ஃபைபரை ஒட்டற ஸ்ப்ளைசர் மெஷின்ல வெச்சான், 20 நிமிஷத்துல லைன் வந்துருச்சு.

10 மணி நேரம் ஒரு போஸ்ட் ஃபைபர் இல்லாம இருந்துச்சு, ரேடியோ ஒண்ணுதான் துணை. காரணம் என்னன்னா விஷயம் தெரிஞ்சவன் எல்லாருக்கும் கீழ இருந்தான். அவன் கைல ரெண்டு பட்டை இருந்திருந்தா காலை 6:30க்கே சொல்லியிருப்பான், கேட்டும் இருப்பாங்க. அந்தப் பையன் முகம் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு தம்பி, லைன் வந்தப்ப அவன் சந்தோஷப்படல, கை எல்லாம் கொப்புளம், தோண்டினதுல.

அதனால ரேங்க் குடுக்கலாமான்னு கேட்டா குடுக்கணும்னுதான் சொல்லுவேன். எவ்வளவு குடுக்கணுங்கறதுலதான் எனக்கும் குழப்பம்.

பதில் 2 – பாலம்கட்டி_சாப்பர்

நான் கொஞ்சம் கோவமாவே எழுதறேன் மன்னிச்சுக்கோங்க. கேபிள்காரன் ப்ரோ உங்க ஆசைய மதிக்கிறேன், நிஜமா. ஆனா கீழேருந்து பாத்தா எப்படி இருக்கும்னு யாரும் யோசிக்கறதில்ல.

சிப்பாயா சேர்ந்து லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார்னு ஒவ்வொரு படியும் வேகன்சி இருந்தாத்தான். ப்ரமோஷனுக்கான கேடர் கோர்ஸ் பாஸ் பண்ணிட்டு, ரெக்கார்டுல ஒரு கறை இல்லாம, மேல ஒருத்தர் ரிட்டயர் ஆகறதுக்காக வருஷக்கணக்கா காத்திருப்போம். அந்த எடத்துல வெளிலேருந்து ஒருத்தரைக் கொண்டுவந்து உக்கார வெச்சா அவருக்குக் கீழ இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு படி தள்ளிப்போகுது. வேகன்சி போகாம தனியா போஸ்ட் உருவாக்கிக் குடுத்தா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா அதை யாரும் தெளிவா சொல்றதில்ல.

இன்னொண்ணு, ரேங்க் இருக்கறவர் போடற ஆர்டர் சட்டப்படி ஆர்டர். மீறினா சிப்பாய்க்கு தண்டனை. அவ்வளவு அதிகாரத்தை ஒருத்தர் கைல குடுக்கறப்ப அவருக்கு ஆளுங்களை நடத்தத் தெரியுமான்னு பாத்துட்டுத்தான குடுக்கணும். மழைல பாலம் போடறப்ப எவன் களைச்சுப் போயிருக்கான், எவனுக்கு வீட்டுலேருந்து கெட்ட சேதி வந்திருக்கு, இவனை இன்னைக்கு தண்ணிக்குள்ள எறக்கலாமா வேணாமான்னு பாக்கற கண்ணு நல்ல எஞ்சினியரிங் காலேஜ்ல படிச்சா வந்துடாது. எனக்கே 9 வருஷம் ஆச்சு.

பதில் 3 – நூலகவாசி

ரெண்டு பேரோட பதிலும் படிச்சேன், ரெண்டுமே உண்மைன்னு படுது. இந்த சண்டை புதுசில்லைங்க, 100 வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கு, எனக்குத் தெரிஞ்ச சில கதைகளைச் சொல்றேன்.

மொத உலகப்போர், 1915. ஜெர்மன்காரங்க பிரிட்டிஷ் டிரெஞ்சுக்கு அடில சுரங்கம் தோண்டி வெடிக்க வெச்சுக்கிட்டு இருந்தாங்க. பிரிட்டன்ல நார்ட்டன் கிரிஃபித்ஸ்னு ஒரு காண்ட்ராக்டர், எம்.பி.யும்கூட, மான்செஸ்டர்ல அவர் ஆளுங்க சாக்கடை சுரங்கம் தோண்டறவங்க, மல்லாக்க சாஞ்சு படுத்துக்கிட்டு காலால மண்வெட்டிய உதைச்சு களிமண்ணை சத்தமே இல்லாம வெட்டி எடுக்கறதுல கில்லாடிங்க. பிப்ரவரி 17ந்தேதி 18 பேரை அந்த வேலைலேருந்து நிறுத்தினாரு, 21ந்தேதி அவங்க பிரான்ஸ்ல ஜிவான்ஷி பக்கத்துல மண்ணுக்கடில இருந்தாங்க. நாலே நாள். டிரில்லாவது பரேடாவது, எதுக்கும் நேரம் இல்ல. இவங்களுக்கு ரேங்க் குடுக்கல, சம்பளத்தைக் குடுத்தாங்க. சாதாரண காலாட்படை சிப்பாய்க்கு நாளுக்கு 1 ஷில்லிங் சொச்சம், தேர்ந்த சுரங்கக்காரருக்கு 6 ஷில்லிங். உதவியாளா இருந்தவங்களுக்கு 2 ஷில்லிங் 2 பென்ஸ். யாரு தேர்ந்தவன் யாரு உதவியாளுங்கறதுல பயங்கர மனஸ்தாபம் வந்துச்சு, 6 கெடைக்கும்னு நம்பி வந்தவன் கைல 2 வந்தா சும்மா இருப்பானா. பணமா குடுத்தாலும் பிரச்சனை தீரலைங்கறதைத்தான் சொல்ல வர்றேன்.

அடுத்தது எரிக் கெடிஸ். பிரிட்டன்ல ரயில்வே கம்பெனி மேனேஜர். 1916ல பிரான்ஸ்ல சோம் சண்டை நடந்தப்ப குண்டும் சாமானும் துறைமுகத்துலயும் ரயில் நிலையத்துலயும் மலையா குவிஞ்சு கெடக்கு, முன்னணிக்குப் போய்ச் சேர வழி இல்ல. இவரைக் கூப்பிட்டு மேஜர் ஜெனரல் ரேங்க் குடுத்து மொத்த போக்குவரத்தையும் ஒப்படைச்சாங்க. ஒரு பட்டாலியனைக்கூட நடத்தினது கெடையாது அவரு. பல தளபதிகளுக்கு வயித்தெரிச்சல், ஆனா அங்க பிரிட்டிஷ் படைக்குத் தலைமைத் தளபதியா இருந்த ஹெய்க் அவர் பக்கம் நின்னாரு. அடுத்த வருஷமே கடற்படைல கப்பல் கட்டற பொறுப்புக்குப் போனாரு, அங்க வைஸ் அட்மிரல் ரேங்க். ரெண்டு படைலயும் மேல் ரேங்க், ரெண்டும் வெளில கத்துக்கிட்ட வேலைக்காக. அவருக்கு ஏன் அவ்வளவு பெரிய ரேங்க்னா அவரு ஜெனரல்ங்க கூட மேஜைல உக்காந்து உங்க டிவிஷனுக்கு இன்னைக்கு ரயில் கெடையாதுன்னு சொல்லணும். கேப்டனா இருந்துக்கிட்டு சொல்ல முடியுமா.

1942 ஜனவரில அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரா இருந்த வில்லியம் நட்சனை நேரா லெப்டினன்ட் ஜெனரல் ஆக்கினாங்க, சிவிலியனா இருந்து அந்த ரேங்க்ல உள்ள வந்தவர் அவர் ஒருத்தர்தான். அவருக்கும் படை கெடையாது, ஃபேக்டரி ஃபேக்டரியா போயி எங்க உற்பத்தி மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாக்கறதுதான் வேலை.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது சீபீஸ் கதை, அமெரிக்கக் கடற்படையோட கட்டுமானப் பிரிவு. 1941ல பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்னாடி பசிபிக் தீவுகள்ல கடற்படை தளம் கட்டிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் சிவிலியன் காண்ட்ராக்ட் தொழிலாளிங்க. வேக் தீவு ஜப்பான்காரங்க கைல விழுந்தப்ப அங்க 1,100 பேருக்கு மேல இருந்தாங்க. யூனிஃபார்ம் இல்லாதவன் துப்பாக்கி எடுத்தா அவன் போர்வீரன் கணக்குல வரமாட்டான். கடைசி வரைக்கும் அங்க வெச்சிருந்த 98 பேரை 1943 அக்டோபர்ல வரிசையா நிக்க வெச்சு சுட்டுட்டாங்க. தீவு விழுந்த உடனேயே அட்மிரல் பென் மோரீல் இனிமே கட்டறவனும் யூனிஃபார்ம்லதான் இருக்கணும்னு முடிவா நின்னு 1942 ஜனவரி 5ந்தேதி அனுமதி வாங்கிட்டாரு. அணை கட்டினவங்க, ரோடு போட்டவங்க, துறைமுகத்துல வேலை பாத்தவங்கன்னு சேர்த்தாங்க. மொத வந்தவங்களோட சராசரி வயசு 37. இந்த வயசுல குடும்பம் குட்டியோட இருக்கற ஒரு மேஸ்திரிய சாதாரண மாலுமி சம்பளத்துக்குக் கூப்பிட்டா வருவாரா, அதனால அவங்கவங்க அனுபவத்துக்கு ஏத்த மாதிரி எடுத்த உடனே பெட்டி ஆபீசர் (கடற்படைல ஹவில்தார் மாதிரி) ரேட்டிங் குடுத்தாங்க. யூனிஃபார்ம் போட்டவங்கள்லயே அதிக சம்பளம் வாங்கற கூட்டமா ஆயிட்டாங்க. குவாடல்கனால்ல விமான ஓடுபாதைல குண்டு விழுந்தா அந்தப் பள்ளத்துக்குத் தேவையான மண்ணை லாரில முன்கூட்டியே ஏத்தி ரெடியா வெச்சிருப்பாங்க, 100 பேர் சேர்ந்தா 500 பவுண்டு குண்டு போட்ட பள்ளத்தை 40 நிமிஷத்துல மூடிடுவாங்களாம்.

அங்கயும் சித்தப்பா கேட்ட அதே கேள்விதான் வந்துச்சு, யாரு யாருக்கு ஆர்டர் போடறது. கடற்படை விதிப்படி சண்டைப் பிரிவு ஆபீசர்தான் ஆளுங்களுக்குத் தலைமை வகிக்கலாம், எஞ்சினியர் ஆபீசர் வகிக்கக்கூடாது. மோரீல் விடல. கட்டத் தெரிஞ்சவன் பேச்சைத்தான் கட்டறவன் கேப்பான்னு கடற்படைச் செயலர் வரைக்கும் போயி மார்ச் 19ந்தேதி விதியை மாத்த வெச்சாரு. ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த பெட்டி ஆபீசருங்க கிட்ட ஏற்கனவே சைட்ல 50 பேரை மேய்ச்ச அனுபவம் இருந்துச்சு. தொழில்லயே தலைமையும் கலந்து கெடந்துச்சு. கேபிள்காரன் ப்ரோ உங்க 11 வருஷத்துல எத்தனை பேர் உங்களுக்குக் கீழ வேலை பாத்திருக்காங்க?

பதில் 4 – கேபிள்காரன்33

நூலகவாசி அண்ணா, நேர்மையா சொல்லணும்னா 3 பேர். அதுவும் கடைசி ரெண்டு வருஷமா. ஷிப்ட் போடறது, லீவு குடுக்கறது அவ்வளவுதான். ஒருத்தனோட உயிர் என் முடிவுல தொங்கினது கெடையாது. சாப்பர் அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். சிக்னல்காரர் சொன்ன அந்தப் பையன் கதைய என் டீம்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.

பதில் 5 – முன்னாள்_ஆர்எம்ஓ

லேட்டா வர்றேன். நீங்க உதாரணம் சொன்ன அந்த "எடுத்த எடுப்புல கேப்டன்" நான்தான். ஷார்ட் சர்வீஸ்ல (சில வருஷத்துக்கு மட்டும்) போனேன், அப்ப 26 வயசு. லக்னோல அடிப்படை ட்ரெயினிங் முடிச்சுட்டு ஒரு பட்டாலியனுக்கு ஆர்எம்ஓவா, அதாவது அந்த பட்டாலியனோட டாக்டரா அனுப்பினாங்க. தோள்ல 3 ஸ்டார். அகாடமில மாசக்கணக்கா ஓடி உருண்டு வந்த லெப்டினன்ட் பசங்க எனக்கு சல்யூட் அடிப்பாங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசும்.

போன மூணாவது வாரம் ராத்திரி ஒரு வண்டி ரோட்டை விட்டு எறங்கிடுச்சு, 7 பேருக்கு அடி. நான் ஒருத்தனோட மூச்சுக்குழாய் அடைக்காம இருக்க தாடைய தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மண்டி போட்டு உக்காந்திருக்கேன், சுத்தி 20 பேர் குனிஞ்சு நின்னு வெளிச்சத்தை மறைக்கறாங்க. தள்ளுங்க தள்ளுங்கன்னு கத்தறேன், ஒருத்தன் ரெண்டடி நகர்றான், இன்னொருத்தன் அந்த எடத்துக்கு வர்றான். கேப்டன் கத்தறான், ஆனா ஒண்ணும் நடக்கல. என்கூட இருந்த நர்சிங் அசிஸ்டென்ட் ஹவில்தார், 19 வருஷ சர்வீஸ், அவரு கத்தவே இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. நீ டார்ச் பிடி, நீ கம்பளி எடுத்துட்டு வா, நீங்க 4 பேரும் ரோட்டுக்குப் போயி வர்ற வண்டிய நிறுத்துங்க, மத்தவங்க எல்லாம் அந்தப் பாறைக்குப் பின்னாடி போயி உக்காருங்க. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, எடம் காலி. அப்புறம் என் காதுகிட்ட வந்து "சார் நீங்க காயத்தைப் பாருங்க, ஆளுங்களை நான் பாத்துக்கறேன்"னாரு. அடுத்த ரெண்டு வருஷமும் நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் வேலை பாத்தோம்.

அப்ப அந்த 3 ஸ்டார் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். அதுக்கும் ஒரு நாள் வந்துச்சு. ஒரு ஜவானுக்கு நெஞ்சுல சளி கட்டி காய்ச்சல், உயரமான எடத்துக்கு ரோந்து போற லிஸ்ட்ல அவன் பேரு. ஆள் பத்தாது, மாத்திரை குடுத்து அனுப்புங்கன்னு மேலேருந்து ரொம்ப அழுத்தம். முடியாது சார்னு சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு கர்னல் முன்னாடி நான் கால் நடுங்காம நிக்க முடிஞ்சதுன்னா தோள்ல இருந்த அந்த ஸ்டாரும் ஒரு காரணம். ராணுவத்துல நோயாளி சார்பா பேசறவனுக்கு மேல பாத்துப் பேசற உயரம் வேணும். கீழ பாத்து ஆர்டர் போடறதுக்காக டாக்டருக்கு ரேங்க் குடுக்கல, எனக்கு அது அன்னைக்குத்தான் புரிஞ்சது. மெடிக்கல் ஆபீசரை ஒரு கம்பெனிக்குத் தலைமையா போட்டு சண்டைக்கு அனுப்ப மாட்டாங்க, அதிகாரம் எம்.ஐ. ரூம் (யூனிட்டுக்குள்ள இருக்கற கிளினிக்), ஆஸ்பத்திரி, மெடிக்கல் யூனிட் அந்த எல்லைக்குள்ளதான். அந்தக் கோடு தெளிவா இருக்கறதாலதான் இத்தனை வருஷமா யாரும் டாக்டர் கேப்டனைப் பாத்து சண்டை போடறதில்ல.

கேபிள்காரன் தம்பி, உங்க துறைக்கு அந்தக் கோடு இன்னும் யாரும் போடல. அதுதான் சிக்கல்னு நான் நெனைக்கிறேன். சர்வர்ல ஆள் பூந்துட்டான், இந்த லைனை இப்பவே துண்டிக்கணும்னு நீங்க சொல்றீங்க, அந்த லைன்ல ஒரு ஆபரேஷன் ஓடிக்கிட்டு இருக்கு. யாரு பேச்சு செல்லும்? இதுக்கு ரேங்க் மட்டும் பதில் இல்ல.

பதில் 6 – நூலகவாசி

ஆர்எம்ஓ சார் சொன்னதைப் படிச்சதும் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்தக் கோட்டைப் போட்டுப் பாத்திருக்காங்க. 1942ல அமெரிக்க ராணுவம் டெக்னீஷியன்னு தனி கிரேடு கொண்டுவந்துச்சு. ரேடியோ ஆப்பரேட்டர், மெக்கானிக், சமையல்காரர் மாதிரி ஆளுங்களுக்கு சார்ஜென்ட், கார்ப்பரல் சம்பளம், ஆனா சார்ஜென்ட் மாதிரி ஆளுங்களுக்குத் தலைமை வகிக்கற அதிகாரம் கெடையாது. மொதல்ல ரெண்டு பேருக்கும் ஒரே பட்டையா போச்சு, யாரு உண்மையான சார்ஜென்ட்னு குழப்பம் வந்து அதே வருஷம் பட்டைக்குக் கீழ ‘டி’ங்கற எழுத்தைத் தெச்சுக்கச் சொன்னாங்க. 1948ல அதை எடுத்துட்டாங்க. திரும்ப 1955ல ஸ்பெஷலிஸ்ட்னு வேற பேர்ல பல படியா கொண்டுவந்தாங்க, ஒவ்வொண்ணா குறைச்சு 1985ல கீழ்ப்படி ஒண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துட்டாங்க. இப்ப அங்க டிகிரியோட சிப்பாயா சேர்றவங்களுக்கு நேரா அந்த ஸ்பெஷலிஸ்ட் கிரேடு கெடைக்குது.

ஏன் நிலைக்கலன்னு நான் யோசிச்சுப் பாத்தது, பட்டை ஒரே மாதிரி இருந்து அதிகாரம் மட்டும் வேறயா இருந்தா நெருக்கடில யாரும் எழுத்தைப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. அதே சமயம் பட்டையே இல்லாம பணம் மட்டும் குடுத்தா சிக்னல்காரர் சொன்ன அந்தப் பையன் கதைதான். 2025ல பிரிட்டன் சைபர் ஆளுங்களுக்குத் தனி எண்ட்ரி கொண்டுவந்துச்சு, அங்க பணத்துப் பக்கம்தான் போயிருக்காங்க, ஆரம்பமே வருஷத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல, அடிப்படை ட்ரெயினிங் 10 வாரத்துலேருந்து ஒரு மாசமா குறைச்சுட்டாங்க. அமெரிக்காவுல 2018ல வந்த சட்டத்துக்கு அப்புறம் கர்னல் வரைக்கும்கூட வெளிலேருந்து நேரா எடுக்கலாம்.

அந்த டிடாச்மென்ட் 201 பத்தி எனக்கு உறுத்தல் இருக்கு. அந்த 4 பேரும் வருஷத்துக்கு 120 மணி நேரம் மாதிரிதான் வேலை செய்யணும், மத்த நேரம் அவங்கவங்க கம்பெனி வேலை. அதுல பாலன்டிர் ராணுவத்துக்கே சாஃப்ட்வேர் விக்கற கம்பெனி. நாளைக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கறதுன்னு பேச்சு வர்றப்ப அந்த யூனிஃபார்ம் எந்தப் பக்கம் உக்காரும்? கெடிஸும் நட்சனும் கம்பெனி நாற்காலிய விட்டுட்டு முழுநேரமா வந்தவங்க. எனக்கு அது பெரிய வித்தியாசமா தெரியுது.

பதில் 7 – பாலம்கட்டி_சாப்பர்

ஆர்எம்ஓ சார், அந்த ஹவில்தார் மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்தா எந்த ரேங்க்ல யார் வந்தாலும் ஓடிடும். உங்க பதிலைப் படிச்சு என் கோவம் கொஞ்சம் எறங்கிடுச்சு. கேபிள்காரன் ப்ரோ, நீங்க சேர்ந்தா போன மொத நாளே உங்க செக்ஷன்ல இருக்கற சீனியர் என்சிஓ (ஹவில்தார், நாயக் மாதிரி) கூட உக்காந்து டீ குடிங்க. எனக்குத் தெரியாது நீங்க சொல்லிக் குடுங்கன்னு கேளுங்க. கேக்கறவருக்கு யாரும் சொல்லித் தராம விடமாட்டாங்க.

பதில் 8 – பழைய_சிக்னல்காரர்

நான் மேல எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒருத்தர் தனியா கேட்டிருந்தாரு. பட்டை எதுவும் வரல, ரூல் இல்ல. ஆனா மேஜர் சார் மறுநாள் பரேடுல எல்லாருக்கும் முன்னாடி சொன்னாரு, இனிமே லைன் போச்சுன்னா மொதல்ல இவன் மெஷினைப் பாப்பான், இவன் சொன்னதுக்கு அப்புறம்தான் மண்வெட்டி எடுக்கணும்னு. ஆர்டர் புக்லயும் எழுத வெச்சாரு. நான் அங்க இருந்த வரைக்கும் அதை யாரும் மீறல, சுபேதார் சாப் உட்பட. அவன் சிப்பாயாவேதான் இருந்தான்.

பதில் 9 – கேபிள்காரன்33

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சித்தப்பாகிட்ட நேத்து ராத்திரி மறுபடியும் பேசினேன், ஆர்எம்ஓ சார் எழுதினதையும் சிக்னல்காரர் ஐயா கடைசியா எழுதினதையும் படிச்சுக் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு கேட்டுக்கிட்டு இருந்தாரு. அந்த ஆர்டர் புக் விஷயத்தை மறுபடி படிக்கச் சொன்னாரு.

டெரிட்டோரியல் ஆர்மி எக்ஸாம் எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டேன், லெப்டினன்ட்னாலும் சரி. இண்டர்வியூ வரைக்கும் போனா அவங்ககிட்ட ரேங்க் பத்தி கேக்கப் போறதில்ல. நெட்வொர்க்ல ஒரு லைனைத் துண்டிக்கணும்னு நான் சொன்னா அது யார் மேஜைக்குப் போகும், எத்தனை நிமிஷத்துல போகும், அதுக்கு எழுத்துல ஒரு ஆர்டர் இருக்குமான்னுதான் கேப்பேன். சித்தப்பா காலைல 5 மணிக்கே எழுப்பி ஓட விட்டுட்டாரு, 2 கிலோமீட்டர்லயே மூச்சு வாங்குது. சாப்பர் அண்ணா, இன்னும் எத்தனை ஓடணும்னு சொல்லுங்க.